ஐந்து வருஷம் கழித்து அந்தக் கால்

லீவு நாளிலும் வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு மஸ்கெலியாவில் இருந்தும் பொகவந்தலாவையில் இருந்தும் தலவாக்கலையில் இருந்தும் பஸ் பிடித்து ஹட்டனுக்கு வந்திருக்கும் அம்மாமார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே!

இன்று உங்கள் கால்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அன்றிலிருந்து இன்று வரை இந்த மலைநாட்டுத் தேயிலைக்கு எத்தனை படம் எடுத்திருப்பார்கள்! தேயிலைப் பக்கற்றைப் பாருங்கள். சுற்றுலாப் போஸ்டரைப் பாருங்கள். தலையில் கயிறு மாட்டிய கூடை இருக்கும். கொழுந்து கிள்ளும் விரல் இருக்கும். நெற்றியில் பொட்டு இருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்கும். கால் இருக்கிறதா? இடுப்புக்குக் கீழே தேயிலைச் செடி மறைத்துவிடுகிறது. செடி மறைக்காததை இடுப்பில் கட்டிய படங்கு மறைத்துவிடுகிறது. அந்தக் கையையும் கூடையையும் சுமந்துகொண்டு மலை ஏறி இறங்கியது எது? அந்தக் கால்தானே?

படங்கைக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்ப்போம். பத்து பேர் நிற்கும் நிரையில் ஒரு அக்காவின் கெண்டைக்காலில் புழு நெளிந்த மாதிரி நீலமாகப் புடைத்திருக்கும். அதற்குக் கீழே, உள் கணுக்காலுக்கு மேலே, ஒரு கையகலத்துக்குத் தோல் கறுத்திருக்கும். தொட்டால் மெத்தென்று இருக்காது, பலகை போல இறுகியிருக்கும். இராத்திரியானால் அரிக்கும். அரித்த இடத்தைச் சொறிந்து ஒரு கீறல். அந்தக் கீறல் ஆறாது. அட்டை கடித்தது என்று நினைப்பார். சுண்ணாம்பு வைப்பார், மஞ்சள் வைப்பார், தைலம் தேய்ப்பார். மூன்று மாதத்தில் அது ஐந்து ரூபாய்க் குற்றி அகலத்துக்குப் புண்ணாகியிருக்கும். மழைக்காலத்தில் பூட்ஸுக்குள்ளே ஈரம் ஊறி ஊறி அந்தப் புண் பெரிதாகும். ஆனாலும் காலையில் பெரட்டுக்குப் போவார். போகாவிட்டால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை.

இதை நம் ஆட்கள் “நரம்பு சுருண்டு போச்சு” என்பார்கள். டொக்டர் துண்டில் வெரிக்கோஸ் வெயின் என்று எழுதுவார். காலில் இருந்து இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம் வீங்கிச் சுருண்டு போவதுதான் இந்த நோய். இதற்கு இன்று நாலைந்து வகைச் சிகிச்சை இருக்கிறது. கத்தி வைக்கும் சிகிச்சை இருக்கிறது, லேசர் இருக்கிறது, ஊசி இருக்கிறது, இறுக்கமான காலுறை இருக்கிறது. எதைச் செய்தாலும் அடுத்த மாதம் கால் நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதத்திலும் நன்றாகத்தான் இருக்கும். என்னுடைய கேள்வி அதுவல்ல. ஐந்து வருஷம் கழித்து அந்தக் கால் எப்படி இருக்கும்? இந்தச் சபையில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுதான்.

முதலில் காலுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதயம் தள்ளிய இரத்தம் பாதம் வரை இறங்கிவிடுகிறது. பாதத்தில் இருந்து நெஞ்சு வரை அதைத் திரும்ப ஏற்றுவது யார்? கெண்டைக்காலின் சதை. நாம் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அந்தச் சதை இறுகி உள்ளேயிருக்கும் நாளங்களைப் பிழிகிறது, இரத்தம் மேலே ஏறுகிறது. ஏறிய இரத்தம் கீழே விழாமல் தடுக்க நாளங்களுக்குள்ளே ஒருவழிக் கதவுகள் இருக்கின்றன. பாதுவா நகரத்தில் பபிரீசியஸ் என்ற பேராசிரியர் 1603இல் அந்தக் கதவுகளைப் படம் வரைந்து காட்டினார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628இல் அவை எதற்காக இருக்கின்றன என்று விளக்கினார்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளத்தில் இரத்த அழுத்தம் 80, 90 மில்லிமீற்றர் பாதரசம் வரை இருக்கும். நல்ல காலோடு நடக்கத் தொடங்கினால் சில அடிகளிலேயே அது 30க்குக் கீழே இறங்கிவிடும். கதவு பழுதான காலில் இறங்காது. நடந்தாலும் இறங்காது, மலை ஏறினாலும் இறங்காது. காலையில் இருந்து மாலை வரை அந்த அழுத்தம் தோலைத் தாக்கிக்கொண்டே இருக்கும். தோல் கறுப்பதும் இறுகுவதும் புண் வருவதும் அதனால்தான். அட்டை ஒரு சாட்டு மட்டுமே.

யாருக்கு இது வரும்? தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும். வயது ஏற ஏற வரும். பிள்ளை சுமக்கும் பெண்களுக்கு வரும், பிரசவம் கூடக் கூட வாய்ப்பும் கூடும். வேலையாலும் வருமா? டென்மார்க்கில் உழைக்கும் மக்களைப் பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்து 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலும் நின்றபடியே வேலை செய்பவர்கள் இந்த நோய்க்காக ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. ஆணுக்கும் அப்படித்தான், பெண்ணுக்கும் அப்படித்தான். நடப்பது காலுக்கு நல்லது. நின்று கொண்டிருப்பதுதான் கெடுதல். மலையில் கொழுந்து எடுக்கும்போது நாம் நடக்கிறோமா, நிற்கிறோமா? ஒரு செடி முன்னே நின்று எடுத்து, அரை அடி நகர்ந்து, அடுத்த செடி முன்னே நின்று எடுக்கிறோம். பிறகு மடுவத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிறோம். ஸ்டோரில் தூள் பிரிக்கும் பெண்ணோ முழு நேரமும் ஒரே இடத்தில் நிற்கிறாள். இவை எல்லாம் காலுக்கு நிற்பதுதான்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னே ரோமாபுரியில் மாரியஸ் என்ற தளபதி இருந்தார். இரண்டு காலிலும் நாளங்கள் புடைத்திருந்தன. மயக்க மருந்து இல்லாத காலம். கட்டிப் போடாமலே ஒரு காலை வெட்டக் கொடுத்தார், முனகக்கூட இல்லை. வைத்தியர் அடுத்த காலுக்குப் போனபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டார். படுகிற வலிக்குக் கிடைக்கிற பலன் பெறுமதி இல்லை என்பது அவர் சொன்ன காரணம். புளூட்டார்க் இதை எழுதி வைத்திருக்கிறார். படும் கஷ்டத்தையும் கிடைக்கும் பலனையும் ஒன்றோடு ஒன்று வைத்து நிறுத்துப் பார்க்கும் அந்த உரிமை தளபதிக்கு மட்டுமா உண்டு? கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கும் உண்டு.

இப்போதைய சிகிச்சைகளைச் சொல்கிறேன். உள் கணுக்காலில் இருந்து தொடைச்சந்து வரை தோலுக்குக் கீழே நீளமாக ஒரு நாளம் ஓடுகிறது. பெரும்பாலானவர்களுக்குப் பழுது அதில்தான். லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஊற்றுப் பக்கத்தில் வால்வு உடைந்து கிடக்க, கீழே பீலியடியில் கசிகிற இடத்தில் மட்டும் துணி சுற்றினால் கசிவு நிற்குமா? கெண்டைக்காலில் புடைத்ததை மட்டும் எடுத்துவிட்டு மேலே உள்ள நாளத்தை விட்டுவிட்டால் அதே கதைதான். அதனால் எந்தச் சிகிச்சையானாலும் முதலில் டொப்ளர் ஸ்கேன் வேண்டும். எந்த இடத்தில் கதவு பழுது, எது வரைக்கும் பழுது என்று பார்த்துத்தான் தொட வேண்டும்.

பழைய முறை சத்திரசிகிச்சை. தொடைச்சந்தில் சிறிதாக வெட்டி, அந்த நாளம் ஆழத்து நாளத்தோடு சேரும் இடத்தில் கட்டி, முழங்கால் வரை உருவி எடுத்துவிடுவார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. மேலே கட்டிவிட்டு உருவாமல் விட்டால் என்ன என்று சிலர் முயன்றார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒப்பிட்டுப் பார்த்து 1999இல் ஐந்து வருஷ முடிவைச் சொன்னார்கள். உருவாமல் விட்ட கால்களில் திரும்பவும் கத்தி வைக்க வேண்டி வந்தது கூடுதல். கட்டினால் போதாது, உருவ வேண்டும் என்று அன்றே தெரிந்துவிட்டது.

இரண்டாவது லேசர். முழங்காலுக்குப் பக்கத்தில் ஊசி குத்தி, நாளத்துக்குள்ளே மெல்லிய இழை ஒன்றை விட்டு, உள்ளிருந்தே சூடாக்கி அடைத்துவிடுவது. ரேடியோ அலை முறையும் இதன் உறவுதான். முழு மயக்கம் வேண்டாம், மரக்கச் செய்யும் ஊசி போதும். அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம்.

மூன்றாவது நுரை ஊசி. மருந்தைக் காற்றோடு கலக்கி நுரையாக்கி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நாளத்துக்குள் செலுத்துவார்கள். நாளம் ஒட்டிப் போகும். மூன்றிலும் இலேசானதும் செலவு குறைந்ததும் இதுதான். கால் மணி, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கேட்கவே ஆசையாக இருக்கிறது இல்லையா?

ஐந்து வருஷம் கழித்து?

பிரித்தானியாவில் பதினொரு ஆஸ்பத்திரிகளில் 798 பேரைச் சேர்த்துக்கொண்டு இந்த மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் மாதிரித் தெரிந்தெடுத்தார்கள். டொக்டரின் விருப்பமும் இல்லை, நோயாளியின் விருப்பமும் இல்லை. ஐந்து வருஷம் கழித்து அவர்களிடமே கேட்டார்கள். கால் வலிக்கிறதா, வீங்குகிறதா, அரிக்கிறதா, வேலைக்கு இடைஞ்சலா, காலை வெளியே காட்ட வெட்கமா? பதில்கள் 2019இல் அச்சில் வந்தன. லேசர் செய்தவர்களும் கத்தி வைத்தவர்களும் நுரை ஊசி போட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். லேசருக்கும் கத்திக்கும் இடையே? பெரிய வித்தியாசம் இல்லை.

இதைக் கவனமாகக் கேளுங்கள். பெரிய வித்தியாசம் இல்லை.

நெதர்லாந்திலும் இதே மூன்றையும் ஒப்பிட்டார்கள். அவர்கள் ஸ்கேனை வைத்துப் பார்த்தார்கள், ஐந்து வருஷத்தில் அந்தப் பழுதான நாளம் அடைபட்டபடியே இருக்கிறதா என்று. கத்தி வைத்த கால்களில் நூற்றுக்கு 85இல் சரியாக இருந்தது. லேசர் செய்த கால்களில் 77. நுரை ஊசி போட்ட கால்களில்? 23. நூற்றில் இருபத்து மூன்று! மற்றக் கால்களில் ஒட்டிய நாளம் திரும்பத் திறந்துகொண்டது. நாளம் திறந்த எல்லோருக்கும் வலி திரும்பியது என்று அர்த்தமில்லை. பொதுவான உடல்நலத்தைக் கேட்டபோது மூன்று கூட்டத்தாருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் காலைப் பற்றியே தனியாகக் கேட்டபோது நுரை ஊசிக்காரர்கள் வருஷம் போகப் போகப் பின்தங்கினார்கள்.

நுரை ஊசி கெட்டதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வயது போனவர்களுக்கு, மயக்கம் கொடுக்க முடியாத இதய நோயாளிகளுக்கு, ஒரு தடவை சத்திரசிகிச்சை செய்து திரும்ப வந்த சின்னக் கிளைகளுக்கு அது அருமையான வழி. திறந்துகொண்டால் இன்னொரு ஊசி போடலாம். நகரத்தில் கிளினிக்குக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அது பெரிய விஷயமும் இல்லை. நம் அக்காவுக்கு? ஒரு தடவை கண்டிக்குப் போய்வர விடியற்காலை முதல் பஸ், துணைக்கு ஒருவர், இரண்டு பேரின் நாள் சம்பளம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். “மறுபடி வாங்க” என்று சொல்லும் சிகிச்சை, துண்டில் எழுதும்போது மலிவு. நாலு வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மலிவே இல்லை. திரும்பத் திரும்ப வர முடியாதவருக்கு, ஒரே தடவையில் நிலைத்து நிற்கக்கூடியதைச் செய்வதுதான் நியாயம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அப்படியானால் எல்லோரும் லேசரையே கேட்போமா? நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். கையில் காசு இருப்பவர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். காசு இல்லாதவர், மத்திய கிழக்கில் இருக்கும் மகள் அனுப்பட்டும், அடகு வைத்த நகை மீளட்டும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போடுகிறார். அதற்குள் தோல் கறுத்துவிடுகிறது. நான் இவ்வளவு தூரம் வந்ததே இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான்: லேசருக்காகக் காத்திருக்காதீர்கள். நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சதம் வாங்காமல் செய்யும் பழைய சத்திரசிகிச்சை, ஐந்து வருஷ முடிவில் லேசருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பழையது என்பதால் மட்டமும் இல்லை, இலவசம் என்பதால் இரண்டாந்தரமும் இல்லை.

லேசருக்கு ஏற்றம் எங்கே இருக்கிறது? முதல் சில வாரங்களில். வலி குறைவு, காயம் இல்லை, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். பிரித்தானியாவின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2013இல் போட்ட வழிகாட்டியில் முதலில் லேசர் அல்லது ரேடியோ அலை, அது பொருந்தாவிட்டால் நுரை ஊசி, அதுவும் பொருந்தாவிட்டால் சத்திரசிகிச்சை என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அது அவர்கள் வசதிக்கும் அவர்கள் செலவுக் கணக்குக்கும் பொருத்தமான வரிசை. ஆஸ்பத்திரியில் லேசர் மெஷினும் அதைச் செய்யத் தெரிந்த கையும் இருந்தால் நானும் அதையே முதலில் சொல்வேன். இல்லாத இடத்தில் அந்த வரிசையைக் காட்டி ஒருவரைக் காத்திருக்கச் சொல்வது தவறு. நாளத்தைப் பசை வைத்து ஒட்டும் புது முறையும் வந்திருக்கிறது. ஐந்து வருஷம் வரை நல்லபடியாகத்தான் செய்தி வருகிறது. ஆனால் விலை நம் கைக்கு எட்டாது.

இன்னொரு உண்மையையும் மறைக்கக்கூடாது. எந்தச் சிகிச்சையும் “இனி வரவே வராது” என்று எழுதிக் கொடுக்காது. ஜேர்மனியில் லேசரையும் சத்திரசிகிச்சையையும் ஐந்து வருஷம் ஒப்பிட்டபோது இரண்டு பக்கமும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காலில் எங்கேயாவது புதிதாக நாளம் புடைத்திருந்தது. லேசர் செய்தவர்களுக்குப் பழைய இடத்திலேயே கொஞ்சம் கூடுதலாக வந்தது. கத்தி வைத்தவர்களுக்கு வேறு இடத்தில் கூடுதலாக வந்தது. பெரும்பாலும் சின்னப் புடைப்புகள்தான். அதனால் “ஒபரேஷன் செய்தும் திரும்ப வந்திருச்சு, எல்லாம் வீண்” என்று யாராவது பீலியடியில் சொன்னால், எதிர்த்துக் கேளுங்கள்: முன்னே இருந்த வீக்கம் இப்போது இருக்கிறதா? இராத்திரி அரிப்பு இருக்கிறதா? புண் இருக்கிறதா? இந்த மூன்றும் போயிருந்தால் சிகிச்சை வீணாகவில்லை.

அடுத்தது புண். இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் அதிகம் கவனிக்கப்படாமல் கிடப்பது இதுதான்.

புண் வந்த காலுக்கு முதல் மருந்து மருந்துப் போத்தலில் இல்லை. பாதத்தில் இருந்து முழங்கால் வரை அழுத்திச் சுற்றும் கட்டுதான். முறையாகக் கட்டினால் புண் ஆறும். ஆறிய பிறகு? இங்கிலாந்தில் 500 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கட்டு மட்டும், மறுபாதிக்குக் கட்டோடு சத்திரசிகிச்சையும் என்று பார்த்தார்கள். 2004இல் முதல் முடிவு வந்தது. ஆறுவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, 24 வாரத்தில் நூற்றுக்கு 65 பேருக்கு ஆறிவிட்டது. அதைப் பார்த்து, அப்படியானால் கத்தி எதற்கு என்று கேட்கலாம். நாலு வருஷம் காத்திருந்து பார்த்தார்கள். கட்டு மட்டும் கட்டியவர்களில் நூற்றுக்கு 56 பேருக்குப் புண் திரும்ப வந்திருந்தது. சத்திரசிகிச்சையும் செய்தவர்களில் 31 பேருக்கு மட்டுமே. ஆறு மாதத்தோடு கணக்கை மூடியிருந்தால் இந்த வித்தியாசம் யாருக்குத் தெரிந்திருக்கும்?

புண் முழுதாக ஆறும் வரை காத்திருந்து செய்ய வேண்டுமா, புண் இருக்கும்போதே செய்யலாமா? அதையும் 450 பேரிடம் பார்த்து 2018இல் விடை சொன்னார்கள். தாமதிக்காமல் நாளத்தை அடைத்தவர்களில் பாதிப் பேருக்குப் புண் 56 நாளுக்குள் ஆறியது. தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாள் பிடித்தது. இருபத்தாறு நாள் வித்தியாசம். நாள் சம்பளத்துக்கு உழைக்கும் ஒருவருக்கு இருபத்தாறு நாள் என்றால் என்னவென்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே “புண் ஆறட்டும், பிறகு வாங்க” என்று சொன்னால், “கட்டும் கட்டுங்க, ஸ்கேனுக்கும் இப்பவே துண்டு எழுதுங்க” என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

கட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சீனி வருத்தம் உள்ளவர்களும் பல வருஷம் சுருட்டு, பீடி குடித்தவர்களும் இறுக்கக் கட்டுவதற்கு முன்னே காலுக்கு இரத்தம் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பத்து நிமிஷ வேலை. இரத்தத்தை இறக்கும் நாடி அடைபட்ட காலில் இறுக்கிக் கட்டினால் கால் போய்விடவும் கூடும்.

காலுறையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இறுக்கமான அந்த ஸ்டொக்கிங்ஸ் வீக்கத்தைக் குறைக்கும், வலியைக் குறைக்கும், ஆறிய புண் திரும்ப வருவதைத் தள்ளிப்போடும். போட்டிருக்கும் வரைதான் வேலை செய்யும். கழற்றினால் பழைய கதை. மழையில் நனைந்து, சேறு புகுந்து, அட்டை ஏறும் மலையில் நாள் முழுவதும் அதைப் போட்டிருக்கச் சொல்வது இலேசு, போட்டிருப்பது இலேசா? ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், புதிது வாங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்துக் காத்திருப்பவர்களுக்கும் காலுறை சரி. வேறு வழி இருக்கும் ஒரு நடுவயதுப் பெண்ணிடம் காலுறையைக் கொடுத்து அனுப்பிவிட்டுச் சிகிச்சை முடிந்தது என்பது எனக்குச் சம்மதமில்லை.

பிள்ளை பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள்? வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புடைத்த நாளம் பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தானாகவே ஓரளவு வற்றும். அதுவரைக்கும் கத்தி வேண்டாம். பிறகும் நீடித்தால் பார்க்கலாம்.

ஒரு ஆபத்தான விஷயம் இருக்கிறது, கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும். புடைத்த நாளத்தின் மேல் தோல் மெலிந்து, தேயிலைக் கட்டை கீறியோ, குளிக்கும்போது தேய்த்தோ, சில வேளை திடீரென்று இரத்தம் பீறிட்டு வரும். பயந்து நின்றுகொண்டே கால் கழுவுவார்கள், தொடையில் கயிறு கட்டுவார்கள். இரண்டும் கூடாது. நின்றால் அழுத்தம் கூடும். மேலே கயிறு கட்டினால் திரும்பும் வழி அடைபட்டு இன்னும் கூடும். உடனே மல்லாந்து படுக்க வேண்டும். காலை நெஞ்சுக்கு மேலே தூக்க வேண்டும். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். மலையில் தனியாக இருக்கும்போது இப்படி நடந்தாலும் இதையே செய்யுங்கள், கூடையை அப்படியே போட்டுவிடுங்கள். நின்ற பிறகு கட்டுப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்படி இரத்தம் போய் உயிர் போனவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், படுத்துக் காலைத் தூக்கத் தெரியாத ஒரே காரணத்தால்.

இனி, எங்கே போவது? தோட்டத்து டிஸ்பென்சரியில் வலி மாத்திரை வாங்குவதோடு நிற்காமல், மேலே அனுப்பத் துண்டு கேளுங்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை 2017இல் இந்திய உதவியோடு புதுக் கட்டடம் கண்டது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. அதற்கும் மேலே பேராதனையும் கண்டியும். சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நாளம் பழுது? ஆழத்து நாளத்தில் அடைப்பு இருக்கிறதா? உருவி எடுப்பீர்களா, கட்டி மட்டும் விடுவீர்களா? சிங்களம் வராவிட்டால் தமிழ் தெரிந்த தாதியையோ, படித்த பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போங்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்று விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே கொஞ்ச இடம் மரத்துப் போகலாம், தொடைச்சந்துக் காயம் சீழ் வைக்கலாம், அரிதாக ஆழத்து நாளத்தில் இரத்தம் உறையலாம். இவற்றை அவர்கள் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்க வேண்டும். முடிந்த அன்றைக்கே எழுந்து நடக்க வேண்டும். சமதரையில் நடக்கலாம், ஆனால் கூடையோடு மலை ஏற இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

அந்த இரண்டு மூன்று வாரத்தை யார் கொடுப்பது? இங்கே தொழிற்சங்கத் தலைவர்கள் இருக்கிறீர்கள், தோட்ட நிருவாகத்தில் இருந்தும் வந்திருக்கிறீர்கள். சம்பளப் பேச்சில் நாள் சம்பளத்துக்காக மேசையைத் தட்டுகிறீர்கள், தட்டத்தான் வேண்டும். அதே மேசையில் இதையும் வையுங்கள். சத்திரசிகிச்சை செய்தவருக்குச் சம்பளத்தோடு மூன்று வாரம். திரும்பி வந்த முதல் மாதம் செங்குத்தான மலை வேண்டாம், சமமான மலையில் நிரை. ஸ்டோரில் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல், மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் நடக்க அனுமதி. மாதத்தில் ஒரு நாள் டொப்ளர் ஸ்கேன் செய்யத் தெரிந்தவர் இந்தப் பக்கம் வர ஏற்பாடு. ஸ்கேனுக்கென்று மட்டும் கண்டி வரை ஒருவர் போய்வரக்கூடாது. இவற்றில் எதுவும் தோட்டத்தை நட்டத்தில் தள்ளாது. ஆறாத புண்ணோடு அரை நாள் பேருக்கு மட்டும் வேலை செய்யும் அனுபவசாலியான ஒரு பெண்ணை இழப்பதுதான் நட்டம்.

பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் சகோதரிகளே, உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். பால் கொடுக்க வரும் தாய்மார் செருப்பைக் கழற்றும்போது கணுக்காலுக்கு மேலே ஒரு தடவை பாருங்கள். தோல் கறுத்திருந்தால் பெயரை எழுதி வைத்து மருத்துவ மாதுவிடம் கொடுங்கள். புண் வருவதற்கு முன்னே பிடித்துவிட்டால் சிகிச்சை இலேசு.

இப்போது என் நேரம் முடிகிறது. மண்டபத்தின் பின்பக்கம் திரை கட்டி இரண்டு தாதியர் உட்கார்ந்திருக்கிறார்கள். காலில் புண் இருப்பவர்கள் முதலில் போங்கள், தோல் கறுத்தவர்கள் அடுத்து. நாளம் மட்டும் புடைத்திருப்பவர்கள் பெயரைப் பதிந்துவிட்டுப் போகலாம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பொகவந்தலாவைக்காரர்களுக்கு வரிசையில் முன்னே இடம் விடுங்கள்.